காற்று கசிகிற சத்தம்

'நிலைத்தன்மை, இ.எஸ்.ஜி. (சூழல், சமூகம், நிர்வாகம்) என்று பெரிய கம்பெனிகள் பேசுகின்றன. சிறு தொழில் செய்கிற நமக்கு அதனால் காசு வருமா, போகுமா?' இதைப் பற்றி எழுதிக் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். பினாங்குத் தீவிலிருந்தும் பெருநிலத்திலிருந்தும் கடிதங்கள் குவிந்துவிட்டன. பலருக்கு ஒரே கேள்விதான், அதனால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக: பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு ஆலையில் 29 வருடம் வேலை செய்தேன். முதலில் ஆப்பரேட்டர், பிறகு பராமரிப்புப் பிரிவு. கடைசிப் பதினொரு வருடம், பொருள் கொடுக்கிற பட்டறைகளுக்குப் போய்ச் சோதித்து மதிப்பெண் போடுகிற வேலை. வாடிக்கையாளரிடமிருந்து உங்களுக்கு வருகிற இ.எஸ்.ஜி. கேள்விப் படிவங்களை அனுப்புகிற பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்.

அக்கா, பிறையில் சிறிய இயந்திரப் பட்டறை வைத்திருக்கிறேன். 26 ஆட்கள். பாயான் லெப்பாஸ் வாடிக்கையாளர் ஒருவர் 48 கேள்விகள் கொண்ட இ.எஸ்.ஜி. படிவம் அனுப்பி, இரண்டு மாதத்தில் நிரப்பித் தரச் சொல்கிறார். ஆலோசகர் ஒருவர் 18,000 வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா? கொடுத்தால் எனக்கு என்ன லாபம்?
– வாசகர், பிறை

தம்பி, அந்தப் பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் இல்லாத நேரத்தில், உங்கள் பட்டறைக்குப் போய்க் காற்றுக் கம்ப்ரசரை மட்டும் போட்டுவிட்டு நில்லுங்கள்.

போன வருடம் சிம்பாங் அம்பாட்டில் தகடு அடிக்கிற பட்டறை ஒன்றில் இதைத்தான் செய்தோம். எல்லா மெஷினும் நிறுத்தம். விளக்குகூடப் பாதிதான். அப்படியும் பின்பக்கச் சுவரோரம் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. பத்து வருடமாக அங்கே நடக்கிற முதலாளிக்கு அது புதுச் சத்தம். வேலை நாளில் பிரஸ் இடிக்கிற இடியில் அது யார் காதில் விழும்?

கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். கம்ப்ரசர் 2 நிமிடம் காற்றை ஏற்றியது, 4 நிமிடம் ஓய்ந்தது. மறுபடி 2, மறுபடி 4. ஒருத்தரும் காற்றைப் பயன்படுத்தாதபோது அது எதற்கு ஏற்ற வேண்டும்? ஆறு நிமிடத்தில் இரண்டு நிமிடம், அதாவது அதன் திறனில் மூன்றில் ஒரு பங்கு, கசிவுக்கே போகிறது. அது 37 கிலோவாட் கம்ப்ரசர். கிட்டத்தட்ட 12 கிலோவாட் காற்றோடு போகிறது. இரண்டு ஷிப்ட், வாரம் ஆறு நாள் என்றால் வருடத்துக்கு 5,000 மணி நேரம். 60,000 யூனிட். யூனிட்டுக்கு ஏறக்குறைய 50 சென் என்று வைத்தால் 30,000 வெள்ளி. முதலாளி அந்தக் கணக்கைத் தன் போனில் மூன்று தடவை போட்டுப் பார்த்தார்.

அப்புறம் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தைத் தண்ணீரில் கலக்கி, தெளிப்பான் போத்தலில் ஊற்றி, குழாய் குழாயாக அடித்துக்கொண்டே போனோம். நுரை பூத்த இடத்தில் எல்லாம் சிவப்புத் துணி கட்டினோம். 22 துணி. பெரும்பாலும் குழாயை மாட்டிக் கழற்றுகிற கப்ளிங், தளர்ந்த கிளிப், வெடித்த ரப்பர் குழாய். பெரிய திருடன் காற்றுத் தொட்டியின் அடியில் இருந்தான்: தண்ணீரை வடிக்கிற தானியங்கி வால்வு, பாதி திறந்தபடி சிக்கிக் கிடந்தது. எல்லாவற்றையும் மாற்றி முடிக்கச் சாமானுக்கும் கூலிக்கும் 2,000 வெள்ளிக்குள் ஆனது. அடுத்த மாதம் போய்ப் பார்த்தபோது ஒரு நிமிடம் ஏற்றம், ஒன்பது நிமிடம் ஓய்வு. கசிவு முழுசாக நிற்காது, பத்தில் ஒரு பங்கு எப்படியும் இருக்கும். ஆனாலும் வருடத்துக்கு 21,000 வெள்ளிக்கு மேல் மிச்சம். காற்றழுத்தத்தையும் 8 பாரிலிருந்து 7 பாருக்கு இறக்கிப் பார்த்தோம், ஒரு மெஷினும் முனகவில்லை. ஒரு பார் குறைத்தால் கம்ப்ரசர் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காடு குறையும்.

இப்போது உங்கள் படிவத்துக்கு வாருங்கள். அதில் 'வாங்கும் மின்சாரத்தால் ஏற்படும் வெளியீடு' என்று ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும். தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரியமில வாயு. உங்கள் 12 மாதத் தெனாகா மின்சார பில்லில் இருக்கிற யூனிட்டுகளைக் கூட்டி முக்காலால் பெருக்குங்கள். அந்தக் கேள்வி முடிந்தது. லோரிக்கு ஊற்றிய டீசலை லிட்டர் கணக்கில் கூட்டி 2.68-ஆல் பெருக்குங்கள், இன்னொரு கேள்வி முடிந்தது. 'வெளியீட்டைக் குறைக்க என்ன செய்தீர்கள்?' என்ற கேள்விக்குச் சிம்பாங் அம்பாட்காரர் எழுதிய பதில்: 'கசிவு 22 இடத்தில் அடைத்தோம், வருடத்துக்கு 43,000 யூனிட், 32 டன்.' அந்த ஒரு வரிக்கு நானாக இருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். பளபளக்கும் அறிக்கைகள் நூறு பார்த்திருக்கிறேன். இப்படி அளந்து எழுதியவை அதில் பத்துகூட இருக்காது.

லாபம் என்ன என்றுதானே கேட்டீர்கள்? வருடா வருடம் வாடிக்கையாளர் உங்களிடம் வந்து 'விலையில் 3 விழுக்காடு குறை' என்கிறார் இல்லையா? அதை இதுவரை எங்கிருந்து கொடுத்தீர்கள்? உங்கள் சட்டைப் பையிலிருந்து, இல்லையென்றால் ஆட்களின் ஓவர்டைமிலிருந்து. இனிமேல் சுவரோரம் போன காற்றிலிருந்து கொடுக்கலாம். நான் சொல்கிற வியாபார மதிப்பு இதுதான். பெயரும் புகழும் அப்புறம் வரட்டும்.

ஆலோசகர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாடிக்கையாளர் வெளியாள் சான்று கேட்கும்போது அழையுங்கள். அப்போது உங்கள் எண்கள் உங்கள் கையில் இருக்கும், அவர் வேலையும் பாதியாகும், கூலியும் குறையும்.

படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று போட்டு அனுப்பிவிட்டால் என்ன? யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?
– வாசகர், பட்டர்வொர்த்

நான் வந்து பார்த்தேன், ஐயா. என்னைப் போல நிறையப் பேர் வருகிறார்கள்.

தீப் பயிற்சி வருடம் இரண்டு முறை நடக்கிறது என்று ஒரு பட்டறை 'ஆம்' போட்டிருந்தது. அவசர வழிக் கதவைத் திறக்கச் சொன்னேன். கதவுக்கு வெளியே சரக்குப் பலகைகள் அடுக்கி, அதன் மேல் வருடக்கணக்கில் தூசி. அன்றைக்கு அந்தப் படிவத்தின் மற்ற 'ஆம்'களையும் நான் நம்பவில்லை. நம்பவும் முடியாது. அதே வாரம் இன்னொரு சின்னப் பட்டறையில், 'இல்லை. பயிற்சி நடத்தவில்லை. மார்ச் மாதத்துக்குள் நடத்துவோம். பொறுப்பு: ஸ்டோர் சூப்பர்வைசர்' என்று எழுதியிருந்தார்கள். திருத்த அவகாசம் கொடுத்து, ஆர்டரைத் தொடரச் சொல்லி எழுதினேன். 'இல்லை'யும் தேதியும் சேர்ந்து வந்தால் அதற்கு மரியாதை உண்டு. பொய்யான 'ஆம்' மாட்டிக்கொண்டால் வாடிக்கையாளர் உங்கள் மற்ற கணக்கையும் சந்தேகப்படுவார். இப்போது வங்கியும் இதே கேள்விகளைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2021-இல் வகைப்பாட்டு வழிகாட்டி வெளியிட்ட பிறகு, கடன் கேட்பவரின் தொழில் சூழலுக்கு என்ன செய்கிறது என்று பார்த்து வகைப்படுத்த வேண்டிய நிலை வங்கிகளுக்கு.

இதெல்லாம் பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனிகளுக்குத்தானே சட்டம்? எங்கள் குடும்பக் கம்பெனிக்கு என்ன?
– வாசகி, புக்கிட் மெர்த்தாஜாம்

சட்டப்படி நீங்கள் சொல்வது சரி. 2024 செப்டம்பரில் வந்த தேசிய நிலைத்தன்மை அறிக்கைக் கட்டமைப்பு முதலில் 200 கோடி ரிங்கிட்டும் அதற்கு மேலும் சந்தை மதிப்புள்ள முதன்மைச் சந்தை நிறுவனங்களைத் தொட்டது, 2025 கணக்காண்டிலிருந்து. 2026-இல் முதன்மைச் சந்தையின் மற்ற நிறுவனங்கள். 2027-இல் வளரும் நிறுவனங்களுக்கான ஏஸ் சந்தையும், பட்டியலில் இல்லாவிட்டாலும் 200 கோடிக்கு மேல் வருமானம் உள்ள பெரிய நிறுவனங்களும்.

உங்கள் கம்பெனி இதில் எங்கும் வராது. ஆனால் உங்களிடம் வாங்குகிற கம்பெனி வரும். தன் வாசலுக்குள் நடப்பது மட்டும் போதாது, தான் வாங்குகிற பொருள் செய்யப்பட்ட இடத்தின் கணக்கையும் அது போகப் போகக் காட்ட வேண்டும். அதை யாரிடம் கேட்கும்? உங்களிடம்தான். சிறு நடுத்தர நிறுவனங்களுக்காக, எதை எதை எழுதி வைக்க வேண்டும் என்று எளிமையாகச் சொல்கிற எஸ்.இ.டி.ஜி. என்ற வழிகாட்டி 2023-இல் வந்தது. தொடக்கம், நடு, மேல் என்று மூன்று படி. தொடக்கப் படியை மட்டும் இந்த வருடம் பிடியுங்கள், போதும்.

சூழல் படிவம் என்கிறார்கள், அதில் ஏன் வெளிநாட்டுத் தொழிலாளியின் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள்? தொலைத்துவிடுவார்கள் என்றுதான் நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம். நல்லதுக்குத்தானே?
– வாசகர், நிபோங் திபால்

ஐயா, உங்கள் கடிதத்தைத்தான் இந்த வாரம் அதிகம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கெட்ட எண்ணத்தில் வைத்திருக்கவில்லை என்று எழுத்திலேயே தெரிகிறது. அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

செபராங் பிறையில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். ஆள் பிரிவு அறையில் சாம்பல் நிற இரும்பு அலமாரி, அதில் நாடு வாரியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பாஸ்போர்ட்டுகள். சாவி ஒரு குமாஸ்தாவிடம். அவரும் உங்களைப் போலத்தான், 'பத்திரமாக இருக்கிறது மேடம்' என்று பெருமையாகத் திறந்து காட்டினார். அன்று மதியம் விடுதியில் ஒரு நேபாளத் தம்பியிடம் பேசினேன். அவனுடைய அம்மா இறந்த செய்தி ஒரு வெள்ளிக்கிழமை இரவு வந்திருக்கிறது. அலுவலகம் திங்கட்கிழமைதான் திறக்கும். குமாஸ்தா ஊரில் இல்லை. அவன் இரண்டு நாள் அந்தப் பூட்டிய அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறான். ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அவன் கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப மெதுவாகச் சொன்னான். எனக்குக் கை எழுதவில்லை.

அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். அது ஒரு பக்கம். அவனிடமே கொடுத்தால் எங்கே வைப்பான் என்ற உங்கள் கவலை நியாயமானது, அதற்கும் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. தொழிலாளர் தங்குமிடத் தரத்தைச் சொல்கிற 446-ஆம் சட்டத்தின் திருத்தம் 2020 ஜூனில் நடப்புக்கு வந்தது. தொழிலாளர் தங்குமிடத்தில் ஆளுக்கு ஒரு பூட்டுகிற அலமாரி கொடுக்க வேண்டும், வீட்டில் தங்க வைத்தால் தூங்க ஆளுக்கு 3.6 சதுர மீட்டர், பெரிய கூடமாக இருந்தால் 3 சதுர மீட்டர். ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இன்றே விடுதிக்குப் போங்கள். அலமாரி, பூட்டு, சாவி அவன் கையில். அவ்வளவுதான் செலவு.

அப்புறம் முகவர் கட்டணம். இங்கே வர எவ்வளவு கடன் வாங்கினான் என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேளுங்கள். பாயான் லெப்பாஸில் இருக்கிற பன்னாட்டு மின்னணு நிறுவனங்கள் பல பின்பற்றுகிற ஆர்.பி.ஏ. (பொறுப்புள்ள வணிகக் கூட்டமைப்பு) நடத்தை நெறியில், வேலைக்காகத் தொழிலாளி ஒரு காசும் கட்டக் கூடாது. கட்டியிருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கவும் கூடாது. பெரியவர்களும் இதில் அடிபட்டிருக்கிறார்கள். 2020 ஜூலையில் டாப் குளோவின் இரண்டு துணை நிறுவனங்களின் கையுறைகளை அமெரிக்கச் சுங்கத் துறை தன் நாட்டுக்குள் விட மறுத்தது. உலகமே கையுறைக்கு அலைந்த கோவிட் காலத்தில்! கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டுதான் காரணம். தொழிலாளர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, விடுதிகளைச் சீராக்கி, 2021 செப்டம்பரில்தான் தடை விலகியது.

லாபக் கணக்கு வேண்டுமென்றால் இதோ: ஆர்டர் நிற்காது, நல்ல ஆள் ஓடிப் போக மாட்டான், புது ஆளைப் பழக்குகிற மாதங்கள் மிச்சம். ஆனால் உங்களிடம் நான் லாபத்தை முன்னால் வைத்துப் பேச விரும்பவில்லை. அந்தப் பாஸ்போர்ட்டுகளை இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள்.

கூரையில் சூரியத் தகடு போட்டால் மின்கட்டணம் மிச்சமா?
– வாசகர், புக்கிட் மிஞ்ஞாக்

மிச்சம்தான். நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு வருடத்துக்கு 1,200 யூனிட்டும் அதற்கு மேலும் தரும். ஆனால் கசிவை அடைக்காமல் தகடு போட்டால், கசிகிற காற்றுக்கும் சேர்த்துத் தகடு வாங்குவீர்கள். பில்லைக் குறைத்த பிறகு, குறைந்த பில்லுக்கு எத்தனை தகடு என்று கணக்குப் போடுங்கள். மிஞ்சிய மின்சாரத்தைத் தெனாகாவுக்குக் கொடுத்து பில்லில் கழித்துக்கொள்கிற பழைய என்.இ.எம். 3.0 திட்டம் 2025 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது, அந்தக் கணக்கை வைத்து யாராவது விற்க வந்தால் கேட்காதீர்கள். பகலில் நீங்களே பயன்படுத்துகிற மின்சாரத்துக்குத்தான் முழுப் பலன், அதனால் பகல் ஷிப்ட் உள்ளவர்களுக்கு நன்றாகவே பொருந்தும். கையில் முதல் இல்லையென்றால், பேங்க் நெகாரா 2022-இல் தொடங்கிய குறைந்த கார்பன் மாற்ற நிதி உங்கள் வங்கியில் இப்போது கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். சிறு நடுத்தர நிறுவனங்களுக்கென்றே வந்தது அது.

ஜோர்ஜ்டவுனில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. ஓர் அலுவலகத்துக்கு மதிய உணவு கொடுக்கிறேன். 'உங்கள் கழிவைப் பற்றி எழுதிக் கொடுங்கள்' என்கிறார்கள். எங்களிடம் என்ன இருக்கிறது எழுத?
– வாசகி, ஜோர்ஜ்டவுன்

நிறைய இருக்கிறது, தங்கச்சி. வாழையிலையை எழுதுங்கள், அதைவிடப் பெருமை என்ன? பொரித்த எண்ணெயை 17 கிலோ டின்னில் சேர்த்து விற்கிறீர்களா? மாதம் எத்தனை டின், யாருக்கு என்று எழுதுங்கள். வாங்குபவரிடம் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் படியெடுத்து வையுங்கள். பயோடீசலுக்குப் போக வேண்டிய எண்ணெய் மறுபடி யார் வீட்டுச் சட்டிக்கும் போகக் கூடாது.

இரண்டு வாரம் மிஞ்சுகிற சோற்றை நிறுத்துப் பாருங்கள். குப்பையில் போடுமுன் ஒரு தராசு, ஒரு சுவர் நாட்காட்டி, ஒரு பென்சில். எந்தக் கிழமை அதிகம் மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும். என் அண்ணி கடையில் வெள்ளிக்கிழமைதான் அதிகம் மிஞ்சியது, கூட்டம் வரும் என்று பயந்து அரிசி கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது வெள்ளிக்கிழமை இரண்டாவது சட்டியை 12.30 மணிக்குப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறார்.

பழைய மெஷின் எண்ணெயை ஒரு லோரிக்காரர் இலவசமாக எடுத்துப் போகிறார். சட்டப்படி அனுப்பினால் காசு செலவாகிறது. இந்தப் பசுமைப் பேச்செல்லாம் வெளிநாட்டுக்காரன் நம் தலையில் கட்டுவதுதானே?
– வாசகர், சுங்கை பாக்காப்

அண்ணே, 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டியது யாருடைய கழிவு? வெளிநாட்டிலிருந்து வந்து கொட்டினார்களா? 111 பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். 2020 செப்டம்பரில் சிலாங்கூரில் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்ததில் கிள்ளான் பள்ளத்தாக்கில் 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை. நம் பினாங்கு குடிக்கிற தண்ணீரில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சுங்கை மூடா ஒன்றிலிருந்துதான். சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்ற 2024 ஜனவரியில் தண்ணீரை நிறுத்தினார்களே, அந்த நான்கு நாள் உங்கள் பட்டறை எப்படி ஓடியது என்று நினைத்துப் பாருங்கள். அது சொல்லிவிட்டு நிறுத்தியது.

சட்டத்தின் கழிவுப் பட்டியலில் உங்கள் எண்ணெய்க்கு எண் எஸ்.டபிள்யூ. 305. அதைத் துடைத்த துணி எஸ்.டபிள்யூ. 410. இரண்டும் அட்டவணைக் கழிவு, அதாவது கண்ட இடத்தில் கொட்டக் கூடாத ஆபத்தான கழிவு. பெயரும் தேதியும் ஒட்டி, கூரைக்கு அடியில், அதிகபட்சம் 180 நாள் அல்லது 20 டன், எது முதலில் வருகிறதோ அதுவரை வைக்கலாம். பிறகு உரிமம் உள்ளவர் வழியாக மட்டும், சுற்றுச்சூழல் துறையின் இணையப் பதிவோடு அனுப்ப வேண்டும். 2024-இல் சட்டத்தைத் திருத்தி அபராத உச்சத்தை 1 கோடி ரிங்கிட்டாக ஏற்றியிருக்கிறார்கள். லோரிக்காரர் எங்காவது ஓடையில் கொட்டினால், உங்களைத் தேடியும்தான் வருவார்கள்.

செலவைக் குறைக்க வழி டிரம்மில் இல்லை, மெஷினுக்கு அடியில் இருக்கிறது. சொட்டுகிற ஹைட்ராலிக் சீலை மாற்றினால் புது எண்ணெயும் மிச்சம், பழைய எண்ணெயும் குறைவு, துடைக்கிற துணியும் குறைவு. தகரத் தட்டு ஒன்றை அடியில் வைத்து, ஒரு வாரத்தில் எத்தனை லிட்டர் சேர்கிறது என்று முதலில் பாருங்கள். லோரிக்காரர் அடுத்த தடவை வரும்போது உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவர் இழுத்தால், டிரம்மை உருட்டிக் கொட்டகைக்குள் திரும்ப வைத்துவிடுங்கள்.